எங்கேஜ் ஆகாத லைன்

எங்கள் வீட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் முதலில் வருவது அம்மாவின் தலை எண்ணெய் வாசம். அதற்குப் பிறகுதான் ‘ஊ’ என்று நீளும் அந்தச் சத்தம். ஐஎஸ்டிஎன் இணைப்பு வந்த அன்று வாசம் இருந்தது, சத்தம் இல்லை. உயிரில்லாத தொலைபேசியைக் காதில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஒன்றுமே கேட்காது, நம்முடைய மூச்சுகூட நமக்குத் திரும்பி வராது. பதினான்கு வயதில், ஒரு டிசம்பர் பள்ளி விடுமுறையில், நான் அந்த ரிசீவரை நாளைக்குப் பத்துத் தடவையாவது எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அம்மா என்னைவிட அதிகம் பார்த்தார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

ஐஎஸ்டிஎன் என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர்கள் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள்; ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போதெல்லாம் இணையத்துக்குள் போக வேண்டுமென்றால் வீட்டுத் தொலைபேசி வழியாக டயல் செய்துதான் போக வேண்டும். நீங்கள் உள்ளே இருக்கும்வரை வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் ‘எங்கேஜ்’. ஐஎஸ்டிஎன் என்பது ஒரே கம்பியில் இரண்டு வழி. ஒன்றில் இணையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றில் தொலைபேசி மணி அடிக்கும். வேகமும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் எங்கள் வீட்டில் வேகம் யாருக்கு வேண்டியிருந்தது? என் அண்ணன் சேகர் வீட்டை விட்டுப் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. கோபம் ஆறினால் எந்த நேரமும் போன் அடிப்பான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேண்டியிருந்தது எங்கேஜ் ஆகாத ஒரு லைன், அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய ‘ஃபிளாட்’டின் மூன்றாவது மாடி. அப்பா ரயில்வேயில் ‘கிராணி’, அதாவது எழுத்தர். அலுவலகப் பேனா தவறிப்போய்ச் சட்டைப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டால், அதை மேசைமேல் தனியாக வைத்து, “இத யாரும் தொடாதீங்க, ஆபீஸ் சாமான்” என்று சொல்லி, மறுநாள் காலையில் திரும்ப எடுத்துப் போகிற மனிதர். கீழ்வீட்டுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரூல் புக்’. அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாகப் பிறந்த என் அண்ணன், படிப்பும் ஏறாமல், பார்த்த வேலை எதிலும் ஒட்டாமல், கடைசியில் ‘பாசார் மாலாம்’ என்று நாங்கள் சொல்லும் இரவுச் சந்தைகளில் கள்ள சிடி விற்கப் போனான். படம், பாட்டு, கணினி மென்பொருள், எதுவானாலும் சில வெள்ளி, அதாவது ரிங்கிட்தான். அந்தக் காலத்தில் அதை விற்காத சந்தை இல்லை, வாங்காத வீடும் இல்லை, எங்கள் வீட்டைத் தவிர.

தீபாவளி முடிந்த வாரம், அப்பா கட்டிலுக்கு அடியில் எதையோ தேடப்போய், மூன்று அட்டைப்பெட்டி நிறைய சிடிக்களைக் கண்டுபிடித்தார். கத்தவில்லை, திட்டவில்லை. பெட்டிகளைப் பால்கனிக்கு இழுத்துப் போய், முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்து மடக்கி உடைத்தார். அந்த ‘டக், டக்’ சத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. சேகர் வந்து பார்த்தபோது கடைசிப் பெட்டியில் பாதிதான் மிச்சம்.

“அப்பா, அது என் சாமான் இல்லப்பா. மொதலாளியோடது. அவருக்கு நான் என்னா பதில் சொல்றது?”

“திருட்டுச் சாமான் வைக்கிற வீடு இது இல்ல. பதில் வேணும்னா அவன போலீஸ்ல வந்து கேக்கச் சொல்லு.”

“ஒங்களுக்கு ரூல்தான் பெரிசு லா. மனுசன் பெரிசு இல்ல.”

அந்த வீட்டில் அவன் கடைசியாகப் பேசிய பேச்சு அது. ஒரு பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அம்மா மூன்று மாடியும் வெறுங்காலோடு ஓடி இறங்கினார். அப்பா முக்காலியை விட்டு எழுந்திருக்காமல் மிச்சமிருந்த பாதிப் பெட்டியையும் உடைத்து முடித்தார். அந்தப் பாதியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பாதிப் பெட்டி எங்கே ஓடிவிடப் போகிறது?

அதற்குப் பிறகு வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைத்துக் காய்ந்தது, பேச்சு மட்டும் இல்லை. அம்மா அப்பாவிடம் நேராகப் பேசாமல் என் வழியாகப் பேசினார். “ஒங்கப்பாவச் சாப்பிடச் சொல்லு” என்பார், அப்பா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் சேகரின் சிநேகிதன் மணியம் வந்தான், பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். “எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாது ஆன்டி. போறப்ப இதான் குடுத்துட்டுப் போனான்” என்று ஒரு சிகரெட் பெட்டியின் அட்டையைக் கிழித்தெழுதிய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தான். அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். பிறகு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்: “அவனுக்கு எழுதுங்க. எப்படி எழுதுவீங்களோ தெரியாது. எழுதுங்க.”

எங்கள் தெருவிலேயே இரண்டு ‘சைபர் கஃபே’ இருந்தன. ஒரு வெள்ளி ஐம்பது காசுக்கு அரைமணி நேரம். அன்றைக்கே கீழே இறங்கிப் போய் எழுதியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கடைகளின் கணினிகளில் ஓடியது எல்லாம் அண்ணன் விற்ற அதே கள்ள சிடிச் சரக்கு என்று அப்பாவுக்குத் தெரியும். கணினி வாங்க, அதற்கென்றே கடைகள் நிறைந்த இம்பிக்குப் போனபோது அங்கேயும் அதே கதைதான். கடைக்காரச் சீனர், “பாஸ், விண்டோஸ் நான் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் லா” என்றார். அப்பா, “ஒரிஜினலா?” என்று கேட்டார். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மா, எல்லாரும் போடுவதை நாமும் போட்டால் என்ன என்று கேட்டபோது அப்பா சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. “அவன் சிடிய ஒடச்சி வெளிய அனுப்பிட்டு, அதே மாதிரி சிடியில ஒக்காந்து அவனுக்குக் கடுதாசி எழுதச் சொல்றியா?”

நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னது எனக்கும் சரியென்றே பட்டது. ஆகவே ஓர் ஆங்கிலக் கணினி இதழோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. திருடாமல் சும்மா கிடைக்கிற ஒரே மென்பொருள் என்று அப்பாவுக்கு அதன்மேல் அப்படி ஒரு மரியாதை. அம்மா இரண்டு நிபந்தனை போட்டார். வீட்டு எண் மாறக்கூடாது, சேகருக்குத் தெரிந்தது அந்த ஒரு எண்தான். கணினி ஓடுகிற நேரத்தில் லைன் எங்கேஜ் ஆகக்கூடாது, ஐந்து நிமிடம்கூட. இரண்டுக்கும் சேர்த்து, அலுவலகத்தில் விசாரித்து, அப்பா கொண்டுவந்த விடைதான் ஐஎஸ்டிஎன்.

தொலைபேசி வேலைக்காரர் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். ரவாங்கிலிருந்து வரும் ஒப்பந்த ஆள், நம் ஆள்தான், முப்பது வயதிருக்கும். சுவரில் மாட்ட வேண்டிய வெள்ளைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, “அங்கிள், இத மாட்டிட்டா ஒங்க பழைய போன் இதுல நேரா வேலை செய்யாது. நடுவுல போடற அடாப்டர் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

“கடையில ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வருதாம்.”

“அப்ப ஒரு வாரம் போன் இருக்காதே?”

அம்மா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்துவிட்டார். “ஏங்க, அப்ப அடுத்த வாரமே வந்து மாட்டச் சொல்லுங்களேன்.”

“இன்னிக்கு விட்டா மறுபடி எப்ப தேதி குடுப்பாங்கன்னு சொல்ல முடியாதுக்கா, ரெண்டு மாசம்கூட ஆவும்” என்றவர், அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒண்ணு செய்யலாம். பெட்டிய மாட்டிட்டுப் போறேன், பழைய லைன இப்ப வெட்டல. அடுத்த வாரம் இந்தப் பக்கம்தான் எனக்கு வேலை. அடாப்டர் வந்ததும் நானே வந்து மாத்தி விட்டுடறேன். ஃபாரத்துல மட்டும் இன்னிக்கே முடிஞ்சதுன்னு எழுதிக்கிறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல லா.”

அவர் காசு கேட்கவில்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரக்கப்பட்டுச் சொன்னார். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படிவத்தை மேலிருந்து கீழே வரை படித்தார்.

“முடியாத வேலைய முடிஞ்சதுன்னு எழுதி, அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணுமா?”

“ஒரு வாரந்தானே அங்கிள்.”

“ஒரு நாளா இருந்தாலும் பொய் பொய்தான் தம்பி. நீங்க ஒங்க வேலைய முடிங்க.”

அவர் வேலையை முடித்தார். போகும்போது அம்மாவிடம், “மன்னிச்சிக்குங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார், தப்பு அவருடையதுபோல.

அதன் பிறகான ஒன்பது நாட்களை நான் என்னவென்று சொல்ல? அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கணினியும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் கற்றுக்கொண்ட தட்டச்சு மட்டும் தெரியும். தட்டில் இருந்த ஐஎஸ்டிஎன் விளக்கங்களில் பாதி ஆங்கிலம், மீதிப் பாதி ஜெர்மன். எந்த ஜெர்மானியரோ தம் ஊர்த் தொலைபேசிக்காக எழுதிவைத்ததைப் பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம். அப்பா யாரிடமோ ஒரு ஜெர்மன் அகராதியை இரவல் வாங்கி வந்து, வரிக்குக் கீழே அடிக்கோலை வைத்து, சொல் சொல்லாகத் தேடினார். “ஜெர்மன்காரன் ஒழுங்கானவன், அவன் எழுதினா கரெக்டா இருக்கும்” என்று வேறு சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை, கணினிக்குள் செருகிய ஐஎஸ்டிஎன் அட்டையை லினக்ஸ் அடையாளம் கண்டுகொண்டது. திரும்ப அணைத்தால் வருமோ வராதோ என்று பயந்து அதற்குப் பிறகு கணினியை நாங்கள் அணைக்கவே இல்லை. இனி நான்கே விஷயம்தான் சொல்லித்தர வேண்டும்: நம் எண் எது, அழைக்க வேண்டிய எண் எது, பெயர் என்ன, கடவுச்சொல் என்ன. நான்கையும் அடித்தோம். ‘பதில் இல்லை’ என்றது. மறுபடி அடித்தோம். பதில் இல்லை. கடவுச்சொல்லை மாற்றி, பெயரைச் சிறிய எழுத்தில், பெரிய எழுத்தில், பதில் இல்லை, பதில் இல்லை. இரைச்சலும் கிறீச்சிடலுமாகச் சத்தம் போடுகிற பழைய மோடமாவது ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கையைத் தரும். இது சத்தமே போடாமல் இரண்டு நொடியில் கையை விரித்துவிடும்.

வழக்கமாக மாலை ஏழு மணிக்கு அப்பா தெருமுனைக் கோயிலுக்குப் போய்விட்டு எட்டுக்குத்தான் வருவார். அந்த நாட்களில் அதுவும் இல்லை. அம்மா ஏழு மணிக்கு விளக்கேற்றிவிட்டு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நிற்பார். “வந்துருச்சா?” என்பார். “வரும்” என்பார் அப்பா. திரும்பிப் போகிற வழியில் அம்மா ரிசீவரை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

தப்பு எங்கே என்று மூன்றாம் நாளே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஜெர்மானியரின் உதாரணங்களில் ஊர்க்குறியீடு இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தது. நாங்கள் 03 என்று கோலாலம்பூரின் குறியீட்டையும் சேர்த்து எழுதியிருந்தோம். “அப்பா, 03-ஐ எடுத்துப் பாக்கலாமே” என்றேன். அவர் படிவத்தின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். “இங்க எப்படிப் போட்டிருக்கு? 03 இருக்கா இல்லையா? ஃபாரத்துல இருக்கிறத நாம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது.” நானும் விட்டுவிட்டேன். அப்பா சொல்லைத் தாண்டுகிற பிள்ளை எங்கள் வீட்டில் ஒன்றுதான், அது போய்விட்டது.

ஒன்பதாம் நாள், செவ்வாய் காலை, அப்பா குளிக்கப் போனார். நான் அந்த 03-ஐ அழித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினேன். திரையில் வேறு மாதிரி வரிகள் ஓடின. இணையம் வந்துவிட்டது! நான் போட்ட கூச்சலில் அப்பா தலையில் நுரையோடு ஓடிவந்தார். “என்னா செஞ்ச?” “03-ஐ எடுத்துட்டேன்ப்பா.” அவர் திரையைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். “ஃபாரத்துல அப்படி இல்லையே” என்றார், உண்மையிலேயே குழம்பிப்போய். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கடிதத்தை அப்பா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அவருக்குத் தெரிந்த ஒரே நடை அலுவலக நடை. ‘உன் தாயாரின் வேண்டுகோளின்படி உனக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்’ என்று ஆரம்பித்து, வீட்டு எண் மாறவில்லை என்பதை இரண்டு தடவை சொல்லி, கடைசியில் வெகுநேரம் யோசித்து, ‘நீ வரலாம்’ என்று முடித்தார். அப்பாவை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தையின் எடை தெரியும். அம்மா என் தோளைத் தட்டி, “சாப்டியான்னு கேளுடி” என்றார், கேட்டேன். அனுப்பினோம்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. மூன்று பேரும் திரையில் முட்டிக்கொள்ளாத குறைதான். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று ஏதோ ஓர் இயந்திரம் அனுப்பிய பதில் அது. அம்மா சமையலறைக்குப் போனார். அப்பா, “நம்ம பக்கந்தான் ஏதாச்சும் தப்பு இருக்கும், பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு மீதிக் குளியலை முடிக்கப் போனார்.

நான் பார்த்தேன். லினக்ஸ் தான் செய்கிற எல்லாவற்றையும் நாள், மணியோடு ஒரு கோப்பில் குறித்துவைக்கும். அதை முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். எங்கள் தோல்விகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு நடுவே, நாங்கள் எதுவும் செய்யாமலே தானாக விழுந்திருந்த மூன்று வரிகள். ‘வெளியிலிருந்து அழைப்பு’ என்று ஓர் எண், எங்கள் எண், அதற்குப் பக்கத்தில் ‘கவனிக்கவில்லை’ என்று பொருள்படும் ஒற்றை ஆங்கிலச் சொல். வியாழன், ஏழு மணி நான்கு நிமிடம். சனி, ஏழு பத்து. ஞாயிறு, ஏழு இரண்டு. மூன்றும் ஒரே எண்ணிலிருந்து. எண்ணின் ஆரம்பம் 07, ஜொகூர். ஜொகூரில் எங்களுக்கு ஒரு சொந்தமும் கிடையாது.

கம்பி உயிரோடுதான் இருந்திருக்கிறது. மணி அடிக்க ஒரு தொலைபேசிதான் அதில் இல்லை. அந்தக் கம்பியில் மாட்டியிருந்த ஒரே பொருள் எங்கள் கணினி. அழைப்பு தனக்கில்லை என்பதால் அது ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. அந்த மூன்று மாலையும் ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் எங்கே இருந்தோம்? அதே பெட்டிக்கு முன்னால், மூக்கு இடிக்கிற தூரத்தில்.

மணியத்தைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுக் கீழே பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். கையிலிருந்த சில்லறையெல்லாம் போட்டு அந்த எண்ணை அழுத்தினேன். வெகுநேரம் அடித்து, ஒரு மலாய் அம்மா எடுத்தார். இது ஜொகூர் பாரு பஸ் ஸ்டேஷனில் இருக்கும் பொதுத் தொலைபேசி, சும்மா அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்தேன் என்றார். அங்கே உயரமாக ஓர் இந்தியப் பையன், புருவத்தில் தழும்பு உள்ளவன், நிற்கிறானா என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பாவம். “இங்க நூறு பேர் நிக்கிறாங்கம்மா, எல்லாம் சிங்கப்பூர் போற பஸ்ஸுக்கு” என்றார். காசு தீர்ந்து லைன் கட்டாயிற்று.

அப்பா என்னைத் தேடிக்கொண்டு படியிறங்கி வந்தார். படியிலேயே நின்று சொன்னேன். நாளையும் மணியையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். “ஏழு மணி” என்றார். பிறகு, “நான் கோயிலுக்குப் போற நேரம்” என்றார். தான் இல்லாத நேரமாகப் பார்த்து, அம்மா தனியாக இருக்கும்போது பேசலாம் என்று அடித்திருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் அந்த அழுக்குப் படியில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையோடு அப்படி ஓர் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அம்மாகிட்ட சொல்லாத” என்றார். “தாங்க மாட்டா.”

நான் தலையாட்டினேன். பதினான்கு வயதில் அதுதான் சரி என்று பட்டது.

வியாழக்கிழமை அடாப்டர் வந்தது. தொலைபேசிக்கு உயிர் வந்தது. அத்தைமார்கள் அடித்தார்கள், தவறான எண்கள் அடித்தன, காப்பீடு விற்கிறவர்கள் அடித்தார்கள். சேகர் அடிக்கவில்லை. அந்த மூன்று தடவையும் அவன் காதில் என்ன விழுந்ததோ, மணி அடித்துக்கொண்டே இருந்ததோ, ஆளில்லை என்று ஒரு பெண்குரல் சொன்னதோ, எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஆபீஸ் வேலை’ என்று சொல்லிவிட்டு, முதல் நாள் இரவே ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏறினார். அந்தத் தொலைபேசிக்கு எதிரே இருந்த பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வருவார் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஒரே வாரத்துக்கான பொய்யை ஒரு தாளில் எழுதவிடாத மனிதர், பெண்டாட்டியிடம் ஒரு வருடத்துக்கு மேல் வாரம் தவறாமல் பொய் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவர் காது மடல் சிவந்துபோகும். சிங்கப்பூருக்கும் ஆள் மூலமாக விசாரித்தார். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கப் பெரியப்பா மகன் வந்தான்.

அம்மாவுக்கு ஒரு புலம்பல் உண்டு, தீபாவளிக்கும் அப்பாவின் திதிக்கும் கட்டாயம் வரும், நடுவில் சும்மாவும் வரும். “ஒரே ஒரு தடவ அடிச்சிருக்கலாமே. கோவம் அவுங்கப்பா மேலதான. நான் என்னாடி பண்ணேன் அவனுக்கு?” என்பார். இருபது வருடத்துக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டு, பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, “விடுங்கம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். முதலில் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று இருந்தேன். அவர் போன பிறகு, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயம். கோழைத்தனம் என்று சொன்னாலும் சரிதான்.

இந்த வருடம் அந்த ஃபிளாட்டை இடிக்கிறார்கள். கடைசியாகக் காலி செய்த நான்கு குடும்பங்களில் ஒன்று எங்களுடையது, அம்மா நகர மாட்டேன் என்றதால். ஐஎஸ்டிஎன் எப்போதோ ஒழிந்து, லைன் மறுபடி சாதாரணத் தொலைபேசியாகி, அதற்கும் இப்போது முடிவு வந்துவிட்டது. கிள்ளானில் என் வீட்டுக்கு அந்த எண்ணைக் கொண்டுவர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கீழே இருந்த பொதுத் தொலைபேசியின் இடத்தில் அது நின்ற சிமெண்டு மேடை மட்டும் இருக்கிறது. சைபர் கஃபேக்கள் இருந்த இடத்தில் கைப்பேசிக் கடைகள். கள்ள சிடி விற்பவர் எவரும் இல்லை, அந்தக் குற்றத்துக்கே ஆள் இல்லாமல் போய்விட்டது. அப்பாவின் கணினியை வருடங்களுக்கு முன்பே பழைய இரும்புக்காரருக்குப் போட்டாயிற்று, அந்த மூன்று வரிகளும் அதோடு போயின.

போன மாதம் ஒரு சாயங்காலம் அம்மாவைக் காரில் உட்காரவைத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினேன். ஃபெடரல் ஹைவேயில் வழக்கமான ‘ஜாம்’. எழுபத்தெட்டு வயது அம்மா, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இனிமே அவன் அடிச்சாலும் போகாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அடிக்கிறவனா இருந்தா ஒரு தடவயாச்சும் அடிச்சிருக்க மாட்டானா” என்றார்.

“அடிச்சான்மா” என்றேன்.

வண்டிகள் நகரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்: அடாப்டர் இல்லாத அந்த நாட்கள், கணினி எழுதிவைத்த மூன்று வரிகள், பஸ் ஸ்டேஷன், அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள். திட்டுவார், அழுவார் என்று ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“மூணு தடவயா?” என்றார்.

“மூணு தடவம்மா.”

“மூணு தடவ அடிச்சிருக்கான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தாங்க மாட்டாள் என்று நாங்கள் இருவரும் பொத்திப் பொத்தி வைத்தது அவருக்கு நல்ல சேதி. பெற்ற பிள்ளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்ற எண்ணத்தோடு இத்தனை வருடமும் அவரைச் சாப்பிடவும் தூங்கவும் வைத்தவர்கள் நானும் அப்பாவும்தான் என்பது, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷா ஆலம் தாண்டும்போது கேட்டார். “எத்தன மணிக்குடி அடிச்சான்?”

“ஏழு மணிக்குமா. மூணு நாளும் ஏழு, ஏழு பத்துக்குள்ள.”

அந்தச் சிரிப்பு மெல்லப் போயிற்று.

“ஏழு மணிக்கு நான் வீட்லதான் இருப்பேன்னு அவனுக்குத் தெரியுமேடி” என்றார்.